மழைக்கால அரபிக்கடலில் ரேடார்: ஃபைபர் வள்ளம் திரையில் விழ கெயினும் சீ கிளட்டரும் எப்படி வைப்பது?

தேர்டுமேட்_தூத்துக்குடி

எல்லாருக்கும் வணக்கம். பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) 8–12 வாட்ச் (காவல் பணி). ரேடார் ரெண்டு: எக்ஸ் பேண்ட் (3 சென்டிமீட்டர் அலைநீளம்) 25 கிலோவாட், 8 அடி ஸ்கேனர் (சுத்தற ஆன்டெனா). எஸ் பேண்ட் 30 கிலோவாட், 12 அடி ஸ்கேனர். கடல்மட்டத்திலிருந்து ஸ்கேனர் உயரம் சுமார் 28 மீட்டர்.

கொழும்பு தாண்டி கன்னியாகுமரி முனையைச் சுற்றி வடக்கே ஏறும் பாதை. ஜூலை மாசம், மேற்கிலிருந்து 25 நாட் காற்று. வெட்ஜ் பேங்க் (குமரிக்குத் தெற்கே உள்ள மீன்பிடிக் கடல்மேடு) பக்கம் ஃபைபர் வள்ளங்கள் கண்ணுக்கு 2 மைலில் (கடல் மைல்) தெரியுது, ரேடாரில் ஒண்ணும் இல்லை. சீ கிளட்டர் (அலை எதிரொலியை அடக்குற கட்டுப்பாடு) ஆட்டோவில் இருக்கு, திரை துடைச்சு வெச்ச மாதிரி சுத்தம். ஆட்டோவை எடுத்தா சுத்தி 3 மைலுக்கு ஒரே வெள்ளை. நடுவில் எங்கே நிறுத்தறது? சரியான வரிசை யாராவது சொல்லுங்க.

சீஃப்மேட்_டேங்கர்

தம்பி, மூணு மைலுக்கு வெள்ளையா இருக்கிற திரையை விட, அந்தக் காற்றில் சுத்தமா இருக்கிற திரைதான் ஆபத்து. 25 நாட் காற்றில் அலை எதிரொலி வந்தே தீரும். அது திரையில் இல்லைன்னா ஏதோ ஒண்ணு அதை அழிக்குது. அலையை அழிக்கிறது வள்ளத்தையும் அழிக்கும், ரெண்டோட பலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இன்னொண்ணு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் அந்தத் தடை இல்லை. ரேடாரில் நல்லா விழற பெரிய படகு கரையில் நிக்கும். விழாதது கடலில் இருக்கும். அந்த ரெண்டு மாசம் அந்தப் பாதையில் போறவங்க இதை மனசில் வெச்சுக்கணும்.

வரிசை இது:

ஸ்டாண்ட்பையில் மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்குற குழாய்) சூடாக 3–4 நிமிஷம். டிரான்ஸ்மிட் போட்டதும் முதலில் திரை வெளிச்சம், பகல் இரவுக்குத் தக்கபடி. இதைச் சரி பண்ணாம கெயினை (எதிரொலியை ரிசீவர் பெருக்குற அளவு) தொட்டா, வெளிச்சக் குறைவை ஈடுகட்ட கெயினை ஏத்திடுவோம்.

பிறகு ரேஞ்சை (திரை காட்டுற தூரம்) 24 மைலுக்குப் போடுங்க. சீ கிளட்டர் பூஜ்யம், ரெயின் கிளட்டர் (மழை எதிரொலியை அடக்குறது) பூஜ்யம், ரெண்டுக்கும் ஆட்டோ ஆஃப், எக்கோ ஆவரேஜ் (பல சுற்று எதிரொலியைச் சேர்த்துப் பார்க்கிறது) ஆஃப். இப்போ கெயினை மெதுவா ஏத்துங்க. எதிரொலி இல்லாத வெளிப்பகுதியில் ரவை தூவினாப்போல பொடிப்புள்ளி மங்கலா வரணும். அதுதான் ரிசீவரோட சொந்த இரைச்சல். அது தெரிஞ்சாத்தான் அதைவிட கொஞ்சம் பலமான எதிரொலியும் தெரியும். புள்ளி பிடிக்கலைன்னு கெயினைக் குறைக்கிறவங்க முதலில் இழக்கிறது பலவீனமான இலக்கைத்தான்.

அடுத்து ட்யூனிங், அதாவது ரிசீவரை மேக்னட்ரான் அலைவரிசையோட பொருத்தறது. ஆட்டோ ட்யூன் பெரும்பாலும் போதும். சந்தேகம்னா மேனுவலில் போட்டு, தூரத்தில் உள்ள ஒரு பலவீனமான எதிரொலியைப் பார்த்துக்கிட்டே அது அதிகபட்சம் பிரகாசிக்கிற இடத்தில் நிறுத்துங்க. கரையோ பெரிய கப்பலோ பார்த்து ட்யூன் பண்ணாதீங்க, அது தப்பான ட்யூனிங்கிலும் பளிச்னு இருக்கும். மேக்னட்ரான் சூடேறச் சூடேற அலைவரிசை நகரும். அதனால் 10 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, அரை மணி கழிச்சு ஒரு தடவை பாருங்க.

இதுக்கு அப்புறம்தான் ரேஞ்சை 6 அல்லது 3 மைலுக்குக் குறைச்சு சீ கிளட்டருக்கு வரணும். ரேஞ்ச் மாறினா பல்ஸும் (ஒரு தடவை அனுப்புற அலைத்துடிப்பு) மாறும், அதோட ரிசீவர் பேண்ட் அகலமும் மாறும், இரைச்சலும் மாறும். அதனால் ரேஞ்ச் மாத்தினதும் கெயினை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கணும்.

கேப்டன்_ஓய்வு

மேலே சொன்ன வரிசை சரி. சீ கிளட்டரை நான் விரிவாகச் சொல்கிறேன், இழையின் கேள்வியே அதுதான்.

சீ கிளட்டர் என்பது கெயினையே கிட்டத்தில் குறைத்து, தூரம் போகப் போக விட்டுக்கொடுக்கும் ஒரு வளைவு. மேனுவலில் அந்த வளைவு 360 பாகைக்கும் ஒன்றுதான். ஆனால் அலை எதிரொலி அப்படி இல்லை. காற்று வரும் பக்கம் அலையின் செங்குத்தான முகம் நம்மைப் பார்க்கிறது. அங்கே கிளட்டர், அதாவது அந்த அலை எதிரொலி, பலமாகவும் தூரமாகவும் இருக்கும். காற்று போகும் பக்கம் பாதிகூட இருக்காது. காற்றுப் பக்கம் சுத்தமாகும் வரை திருப்பினால் மறுபக்கத்தில் கிட்டத்தில் உள்ள எல்லாம் போய்விடும். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே ஏறும்போது காற்று இடப்பக்கம், கரை வலப்பக்கம். கரையிலிருந்து புறப்படும் வள்ளங்கள் அந்த வலப்பக்கத்தில்தான் வரும்.

ஆகவே காற்றுப் பக்கத்து வெள்ளைப் பரப்பு உடைந்து தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறும் இடத்தில் நிறுத்துங்கள். புள்ளிகள் மிச்சம் இருக்க வேண்டும்.

பிறகு கண் வேலை. ஸ்கேனர் நிமிடத்துக்கு 24 சுற்று என்றால் ஒரு சுற்று 2.5 விநாடி. அலைப் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழும். வள்ளம் மூன்று சுற்றில் ஒரு தடவை விழுந்தாலும் அதே இடத்தில் விழும். அரை நிமிடம், அதாவது பன்னிரண்டு சுற்று, ஒரே பகுதியைப் பார்த்தால் எது நிலைக்கிறது என்று தெரியும். பெரும்பாலான இளம் அதிகாரிகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு கடல் வரைபட மேசைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு பார்வையில் ஃபைபர் வள்ளம் அகப்படாது.

ஆட்டோ சீ கிளட்டர் சுற்றியுள்ள சராசரி எதிரொலியை அளந்து அதற்குக் கீழே உள்ளதை வெட்டுகிறது. திறந்த கடலில், பெரிய கப்பல்களை மட்டும் எதிர்பார்க்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கரை அருகிலும் துறைமுக வாயிலிலும் வேண்டாம். கரையின் எதிரொலியையும் கிளட்டர் என்று எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உள்ள சிறியதை விழுங்கிவிடும்.

தேர்டுமேட்_தூத்துக்குடி

நன்றி சார். ஸ்கேனர் உயரம் போதலைன்னு நினைச்சிருந்தேன். பல்ஸ் எது வைக்கணும்? எங்க செட்டில் 3 மைல் ரேஞ்சில் ஷார்ட், மீடியம் ரெண்டும் தேர்ந்தெடுக்கலாம்.

சீஃப்மேட்_டேங்கர்

உயரம் பிரச்சினையே இல்லை. தொடுவான தூரம் மைலில் = 2.21 × (√ஸ்கேனர் உயரம் + √இலக்கு உயரம்), உயரம் மீட்டரில். 28 மீட்டருக்கு 11.7, ஒரு மீட்டர் நிக்கிற வள்ளத்துக்கு 2.2. மொத்தம் 14 மைல் கிட்ட. கதிர் போய்ச் சேருது, திரும்பி வர்ற சத்துதான் குறைவு. அலைப் பள்ளத்தில் வள்ளம் இறங்கினா அதுவும் இல்லை.

ஐ.எம்.ஓ.வின் (சர்வதேச கடல்சார் அமைப்பு) எம்.எஸ்.சி.192(79) தீர்மானம், 2008 ஜூலை 1-க்குப் பிறகு பொருத்தின ரேடார்களுக்கு உள்ள தரம். அதில் ரிஃப்ளெக்டர் (கதிரைத் திருப்பி அனுப்புற தகடு) இல்லாத 10 மீட்டர் சிறு படகை எக்ஸ் பேண்ட் 3.4 மைலிலும் எஸ் பேண்ட் 3.0 மைலிலும் கண்டாகணும்னு இருக்கு. அது ஸ்கேனர் 15 மீட்டர் உயரத்தில், கிளட்டர் இல்லாத நிலையில். நல்ல கடலிலேயே அவ்வளவுதான்னா ஜூலையில் எவ்வளவுன்னு யோசிச்சுக்கோங்க.

பல்ஸ்: ஒரு மைக்ரோ விநாடி பல்ஸ் கடலில் 150 மீட்டர் நீளத்தை ஒரே எதிரொலியா அள்ளும். 1.2 மைக்ரோ விநாடி லாங் பல்ஸ்னா 180 மீட்டர். 0.08 மைக்ரோ விநாடி ஷார்ட்னா 12 மீட்டர். வள்ளமே 9–10 மீட்டர்தான். லாங் பல்ஸில் அந்த வள்ளத்தோட சேர்ந்து 180 மீட்டர் நீள அலையும் ஒரே புள்ளிக்குள் வந்து விழுது. ஷார்ட்டில் 12 மீட்டர் அலைதான் அதோட போட்டி போடுது. அதனால் கிளட்டருக்குள்ளே தேடும்போது ஷார்ட். கிளட்டர் முடியற தூரத்துக்கு அப்பால் போட்டி இரைச்சலோடதான், அங்கே சத்து வேணும், மீடியம் அல்லது லாங். 'சின்ன இலக்கு, அதனால் பெரிய பல்ஸ்'னு பொத்தாம்பொதுவா சொல்லித் தர்றாங்க, கிளட்டருக்குள் அது தலைகீழ்.

அகலமும் பாருங்க. 8 அடி எக்ஸ் பேண்ட் ஸ்கேனரோட கதிர் அகலம் ஒரு பாகைக்குக் கொஞ்சம் கீழே. 3 மைலில் அது 90 மீட்டர். அதுக்குள் அக்கம்பக்கமா நிக்கிற ரெண்டு வள்ளம் ஒரே புள்ளிதான். ஒரு புள்ளியைக் கண்டு அதுக்கு வழி விட்டாச்சுன்னு நிம்மதியாகாம, அதைச் சுத்தி இன்னும் இருக்கும்னு எடுத்துக்கோங்க.

எஸ்பேண்ட்_ஆதரவாளர்

கடல் கொந்தளிப்பில் எஸ் பேண்டையே முதன்மையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 10 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு அலை எதிரொலியும் குறைவு, மழையும் குறைவு. எக்ஸ் பேண்டோடு மல்லுக்கட்டுவது எதற்கு?

கேப்டன்_ஓய்வு

பாதி ஒப்புக்கொள்கிறேன். மழைக்குள் எஸ் பேண்ட்தான், பேச்சே இல்லை. கிளட்டர் பரப்பும் எஸ் பேண்டில் சுருங்கும். ஆனால் 12 அடி ஸ்கேனராக இருந்தாலும் அதன் கதிர் அகலம் 1.8 பாகை, எக்ஸ் பேண்டைப் போல இரு மடங்கு. அள்ளும் அலைப் பரப்பும் இரு மடங்கு. சிறு படகின் எதிரொலியும் அங்கே பலவீனம். ஒன்றை வைத்து மற்றதை மூடிவிடாதீர்கள். இரண்டு செட்டும் ஓடட்டும்: எக்ஸ் பேண்ட் 3 மைல், ஷார்ட் பல்ஸ், மையத்தைப் பின்னுக்குத் தள்ளி முன்பக்கம் அதிகம் தெரியும்படி. எஸ் பேண்ட் 6 அல்லது 12 மைல், கப்பல்களுக்கும் மழைக்கும். ஒன்றில் சந்தேகப் புள்ளி வந்தால் அதே இடத்தை மற்றதில் தேடுங்கள். இரண்டு அலைநீளத்திலும் ஒரே இடத்தில் தொடர்ந்து விழுந்தால் அது அலையாக இருக்க வாய்ப்பு குறைவு.

எஸ்பேண்ட்_ஆதரவாளர்

கதிர் அகலக் கணக்கு நியாயம்தான். மூன்று மைலுக்குள் எக்ஸ் பேண்ட் என்பதை ஏற்கிறேன்.

டெக்கேடட்

எக்கோ ஆவரேஜ் போட்டா அலை மறையும்னு எங்க புத்தகத்தில் இருக்கே?

சீஃப்மேட்_டேங்கர்

மறையும். அது பல சுற்றுகளை ஒப்பிட்டு, அதே இடத்தில் திரும்ப வர்றதை வெச்சுக்கிட்டு மத்ததை மங்கலாக்கும். கேப்டன் சொன்ன அரை நிமிஷக் கண் வேலையை மெஷின் செய்யுது. ரெண்டு நிபந்தனை. கைரோ திசைகாட்டியும் வேகமும் சரியா உள்ளே வரணும், இல்லைன்னா 'அதே இடம்' எதுன்னே அதுக்குத் தெரியாது. ரெண்டாவது, வேகமா ஓடற வள்ளமும் அஞ்சு சுற்றுக்கு ஒரு தடவை விழற வள்ளமும் அலையோட சேர்ந்து போயிடும். குறைந்த அளவில் போட்டு, அப்பப்போ எடுத்துப் பாருங்க.

எனக்குப் பிடிச்சது ரிலேட்டிவ் டிரெயில் (நம்ம கப்பலை ஒப்பிட்டு இலக்கு நகர்ந்த தடம்), 3 நிமிஷம். ஒரே இடத்தில் வலை போட்டு நிக்கிற வள்ளம் திரையில் பின்னோக்கி நகர்ந்து நம்ம கோர்ஸுக்கு இணையா ஒரு கோடு விடும். அலை கோடு விடாது, பொரிப்பொரியா கிடக்கும். புள்ளி விட்டுவிட்டு வந்தாலும் கோடு நேராத் தெரியும்.

ஆர்ப்பா (இலக்கைப் பின்தொடர்ந்து அதன் போக்கைக் கணிக்கிற வசதி) பத்தியும் சொல்லிடறேன். கிளட்டருக்குள் தானா இலக்கு பிடிக்கிற வளையத்தைப் போடாதீங்க, அலையெல்லாம் பிடிச்சு அலாரம் அடிச்சு, கடைசியில் எல்லாத்தையும் பார்க்காமலே அமுக்குவோம். கையால் பிடிங்க. ஒரு நிமிஷத்தில் வர்றது போக்கு மட்டும்தான், நம்பற வெக்டருக்கு (இலக்கோட திசையும் வேகமும் காட்டுற கோடு) 3 நிமிஷம். வேகத்துக்கு நீர் வழி லாக்கை (தண்ணியை ஒப்பிட்டு வேகம் அளக்கிற கருவி) கொடுங்க, மோதல் தவிர்க்க அதுதான் முறை. லாக் ஒரு நாட் கூடக் காட்டினா நிக்கிற வள்ளம் நம்ம திசையிலேயே ஒரு நாட் ஓடற மாதிரி வெக்டர் வரும். ரெண்டு மூணு நாட் வெக்டரை வெச்சு 'அவன் விலகிப் போறான்'னு முடிவெடுக்கக் கூடாது. கோல்ரெக் (கடலில் மோதல் தடுப்பு விதிகள்) 7-ஆம் விதி அரைகுறை ரேடார் தகவலை வெச்சு அனுமானம் செய்யாதேன்னு சொல்றது இதைத்தான்.

குளச்சல்_வள்ளம்

நாங்க வள்ளத்துல இருக்குறவங்க. கப்பல்காரங்களுக்கு நாங்க தெரியணும்னா எங்க பக்கம் என்ன செய்யலாம்? தகரத்த வளச்சு கட்டுனா போதுமா? சொல்லுங்க, பயலுவளுக்குச் சொல்லணும்.

ஸ்கேனர்_டெக்னீஷியன்

அண்ணே, நல்ல கேள்வி. ஃபைபர் உடம்பு வழியா ரேடார் கதிர் பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும். திருப்பி அனுப்புறது அவுட்போர்டு இன்ஜினும் உள்ளே இருக்கிற இரும்புச் சாமானும்தான்.

வளைச்ச தகரம் கதிரைக் கண்டபடி சிதறடிக்கும். வேண்டியது மூலை ரிஃப்ளெக்டர்: மூணு அலுமினியத் தகடு ஒண்ணுக்கொண்ணு மிகச் சரியா 90 பாகையில் சந்திக்கிற மூலை. வந்த திசைக்கே கதிரைத் திருப்பும். எட்டு மூலை உள்ள எண்முக வடிவம் வாங்கலாம் அல்லது செய்யலாம். அளவு ரொம்ப முக்கியம். முக்கோண மூலையோட உள்விளிம்பு 15 சென்டிமீட்டர்னா எக்ஸ் பேண்டில் அதிகபட்ச எதிரொலிப் பரப்பு 2 சதுர மீட்டர். 30 சென்டிமீட்டர்னா 33 சதுர மீட்டர். விளிம்பு ரெண்டு மடங்கானா எதிரொலி 16 மடங்கு. அதனால் சின்னதா நாலு வேண்டாம், பெருசா ஒண்ணு.

கோணம் சில பாகை பிசகினாலே பெரும்பகுதி போயிடும். மெல்லிய தகடு காற்றில் நெளியும், அதனால் கொஞ்சம் தடியான தகடு, ஓரத்தில் ரிவெட். ஒரு மூலை மேலே பார்த்து, மழை பெய்தா தண்ணி தேங்குற மாதிரி நிக்கணும். கூர்முனை மேலே நிக்கிற மாதிரி தொங்கவிட்டா பலன் குறைவு. கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் கம்பத்தில் இறுக்கிக் கட்டுங்க. ஐ.எம்.ஓ. தரப்படியான ரிஃப்ளெக்டர் 4 மீட்டரில் இருந்தா எக்ஸ் பேண்ட் 5 மைலில் காணணும், இல்லாம 3.4 மைல்தான். கப்பல் 13 நாட்டில் வந்தா அந்த 1.6 மைல் உங்களுக்கு ஏழு நிமிஷம்.

குளச்சல்_வள்ளம்

விளங்கிச்சு தம்பி. 30 சென்டிமீட்டர், 90 பாகை, 4 மீட்டர். எழுதி வச்சுட்டேன்.

ஸ்கேனர்_டெக்னீஷியன்

இப்போ கப்பல்காரங்களுக்கு. செட்டே நோஞ்சானா இருந்தா மேலே சொன்ன எல்லா நுணுக்கமும் வீண்.

பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை (ரேடாரோட சக்தியைச் சோதிக்கிற வசதி) வாட்சுக்கு ஒரு தடவையாவது ஓட்டுங்க. பெரும்பாலான செட்டில் 24 மைல் ரேஞ்சில் வில் வளைவுகள் வரும். பொருத்தினப்போ எத்தனை வளைவு, எவ்வளவு தூரத்தில்னு ஸ்கேனர் பக்கத்துச் சீட்டில் அல்லது நிறுவல் பதிவில் இருக்கும், அதோட ஒப்பிடுங்க. 10 டெசிபெல் குறைஞ்சா சொல்லணும்ங்கறதுதான் விதி. ஆனா 10 டெசிபெல்னா சக்தி பத்தில் ஒரு பங்கு. பெரிய கப்பல் அப்பவும் திரையில் விழும், யாரும் கவனிக்க மாட்டாங்க, வள்ளம் விழாது.

குறைஞ்சிருந்தா முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேனர் முகப்பு. உப்பும் புகைபோக்கிக் கரியும் படிஞ்சிருக்கும். நல்ல தண்ணி, மெல்லிய துணி, அவ்வளவுதான். பெயிண்ட் அடிக்கவே கூடாது, தின்னர் தொடக்கூடாது. மேலே ஏறும் முன் ஸ்கேனர் ஐசொலேட்டரை அணைச்சு, பிரிட்ஜில் பலகை மாட்டி, ரெண்டு ரேடாரையும் நிறுத்தணும். ஒரு ஸ்கேனரைத் துடைக்கும்போது இன்னொண்ணு சுத்திக்கிட்டிருக்கிறது அடிக்கடி நடக்கிற தப்பு.

ட்யூனிங் பட்டை ஏற மறுக்குது, மேக்னட்ரான் கரண்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழேன்னா மேக்னட்ரான் முடிஞ்சுது. எக்ஸ் பேண்டில் டிரான்ஸ்சீவர் கீழே இருக்கிற மாடல்னா வேவ்கைடில் (ரேடார் அலை போகிற உலோகக் குழாய்) தண்ணி இறங்கியிருக்கான்னும் பாருங்க; இணைப்பு கேஸ்கெட் வெடிச்சா மழைக்காலத்தில்தான் வெளிப்படும்.

டைமிங் (தூரம் அளக்கத் தொடங்குற நேரத்தின் திருத்தம்): 0.25 மைல் ரேஞ்சில் நேரான துறைமுகச் சுவரைப் பாருங்க. சுவரின் நடுப்பகுதி கப்பலை நோக்கிப் புடைச்சா தூரம் குறைவாக் காட்டுது. வெளியே புடைச்சா அதிகமாக் காட்டுது. நேராகற வரை டைமிங் மெனுவில் திருத்தணும். தூரப் பிழை 30 மீட்டர் அல்லது ரேஞ்சில் ஒரு சதவீதம், இதில் எது பெருசோ அதுக்குள் இருக்கணும். ஹெட்டிங் லைனுக்கு (கப்பலோட முன்திசைக் கோடு) நேர் முன்னே உள்ள சின்ன மிதவையை கைரோ ரிப்பீட்டரில் பார்த்து ரேடார் பேரிங்கோட ஒப்பிடுங்க, பிழை ஒரு பாகைக்குள்.

டெக்கேடட்

மே மாசம் அரபிக்கடலில் கரையே இல்லாத இடத்தில் 10 மைலில் கரை மாதிரி எதிரொலி வருதுன்னு சொல்றாங்களே, அது என்ன சார்?

கேப்டன்_ஓய்வு

முந்தின பல்ஸின் எதிரொலி. லாங் பல்ஸில் விநாடிக்கு 600 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் கதிர் 135 மைல் போய்த் திரும்பலாம். வெப்பமான வறண்ட காற்று கடல்மேல் படரும் மாதங்களில் கதிர் கடலை ஒட்டியே வளைந்து வெகுதூரம் போகும். 145 மைலில் உள்ள மலை 10 மைலில் விழும். ரேஞ்ச் அல்லது பல்ஸை மாற்றுங்கள். பல்ஸ் எண்ணிக்கை மாறும்போது அது இடம் பெயரும் அல்லது மறையும். உண்மைக் கரை நகராது.

தேர்டுமேட்_தூத்துக்குடி

கடைசியா ஒண்ணு. சார்ட் (SART, ஆபத்தில் இருக்கிறவங்க இடத்தை ரேடார் திரையில் காட்டுற கருவி) சிக்னல் தேட இதே செட்டிங் போதுமா?

சீஃப்மேட்_டேங்கர்

போதாது, வேற. எக்ஸ் பேண்ட் மட்டும்தான், எஸ் பேண்டில் சார்ட் வராது. ரேஞ்ச் 6 அல்லது 12 மைல். ரெயின் கிளட்டர் பூஜ்யம், சீ கிளட்டர் மிகக் குறைவு, ஆட்டோ எதுவும் வேண்டாம், இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்டரும் (மத்த ரேடார்களோட குறுக்கீட்டை நீக்குறது) எக்கோ ஆவரேஜும் ஆஃப். 12 புள்ளி ஒரே கோட்டில், ஒண்ணுக்கொண்ணு சுமார் 0.6 மைல் இடைவெளியில் வரும். நமக்குக் கிட்டே உள்ள முதல் புள்ளிதான் இடம், அதுவும் கொஞ்சம் தள்ளிக் காட்டும். கிளட்டர் மறைச்சா ட்யூனிங்கை வேணும்னே கலைங்க. அலையும் கப்பலும் மங்கும், சார்ட் முழு அலைவரிசையையும் துழாவுறதால் அது நிக்கும். ஒரு மைல் கிட்டே வரும்போது புள்ளிகள் வில்லாகி வட்டமாகும். அப்போ கெயினைக் குறைச்சாத்தான் திசை கிடைக்கும். கலைச்ச ட்யூனிங்கோட வேறொரு கப்பல் வருதான்னு பார்க்க முடியாது, அந்த வேலையை எஸ் பேண்டுக்குக் கொடுத்துட்டுக் கலைங்க.

கேப்டன்_ஓய்வு

வாட்ச் மாற்றும்போது எந்த செட்டில் எது மேனுவல், எது ஆட்டோ, ட்யூனிங் எங்கே, டிரெயில் எத்தனை நிமிடம் என்று வாயால் சொல்லி ஒப்படையுங்கள். வருகிறவர் ரெயின் கிளட்டரையும் சீ கிளட்டரையும் ஒரு தடவை பூஜ்யத்துக்கு இறக்கி, திரை வெளுப்பதைப் பார்த்துவிட்டுத் தானே மறுபடி வைக்கட்டும். அரை நிமிட வேலை.